பாட்டி பெட்டியில் பொடித் தங்கக் காசு இருக்கா? உருக்கும் முன் இதைப் படிங்க!

மதுரை தெற்காவணி மூல வீதி. பழைய நகையை மாற்ற நகைக்கடைக்குப் போறீங்க. பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து மிளகு சைஸில் ஒரு தங்கப் பொட்டு விழுது. அதையும் சேர்த்து உருக்கக் கொடுத்துடாதீங்க. அது 'பணமா' இருக்கலாம்!

அது என்ன 'பணம்'?

தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுகள் புழங்கிய குட்டித் தங்கக் காசின் பெயர்தான் பணம். பெரும்பாலானவை அரை கிராம்கூட இருக்காது. கையால் எண்ண முடியாது என்பதால், குழிகள் போட்ட பலகையில் கொட்டிக் குலுக்குவாங்க; குழிக்கு ஒரு காசு நிற்கும். அதுதான் பணப்பலகை. 1818-ல் சென்னை மாகாணத்துக்கு ரூபாய் பொது நாணயமானது. காசு மறைந்தாலும் பெயர் நம்ம வாயில் தங்கிவிட்டது.

அரசர்கள் மட்டும்தான் அடிச்சாங்களா?

இல்லை. வணிகம் செய்ய வந்த கிழக்கிந்திய கம்பெனிக்கும் 1639-லேயே சென்னையில் காசு அடிக்க உரிமை கிடைத்தது. அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் கூட்டம் குவிந்தது. சில்லறைக்குத் திண்டாட்டம். 1852 முதல் தனியாரே கால் டாலர், அரை டாலர், ஒரு டாலர் தங்கக் காசுகளை அடிச்சாங்க. 1864-ல் சட்டம் போட்டு இதைத் தடை செய்தார்கள். இன்று அவற்றைத் தேடிச் சேர்க்கிறார்கள். கரடி படம் போட்ட போலிகளும் ஏராளம்.

உருக்கினால் என்ன நஷ்டம்?

எடை குறைவு, பலவற்றில் மற்ற உலோகக் கலப்பும் உண்டு. அதனால் கைக்கு வருவது சொற்பம். ஆனால் யார் அடிச்சது, எந்தக் காலம் என்ற தடயம் அடுப்போடு போயிடும்.

தோண்டும்போது கிடைத்தால்?

* மண்ணில் புதைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். இது 1878-ம் ஆண்டு புதையல் சட்டம்.
* உரிமையாளர் யாருமில்லை என அறிவிக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தரும்.
* மறைத்தால் பங்கு போச்சு. ஓராண்டு வரை சிறையும் உண்டு.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் பானையோடு கிடைத்த 505 தங்கக் காசுகள் அரசுக் கருவூலத்துக்குத்தான் போயின.

சேகரிக்க ஆசையா?

தாராளமா. ஆனால் எடையைச் சரிபாருங்க, பில் கேளுங்க, 'நிலத்தில் எடுத்தது' என்று ரகசியமாக விற்பவரிடம் வாங்காதீங்க. 100 ஆண்டு தாண்டிய காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தொழிலாக விற்க லைசென்ஸ் வேணும். ஆன்லைனில் வெளிநாட்டுக்காரர் நல்ல விலை சொன்னாலும் தனிநபர் அனுப்பக் கூடாது.

இன்னைக்கே பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டு வைங்க. காசு எங்கிருந்து வந்தது என்ற கதை அவங்களிடம்தான் இருக்கும். அதையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்க.