மூக்குக்குப் பழகினாலும் நெஞ்சுக்குப் பழகாது



கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் ஸ்டோர் வாசலுக்குப் போனாலே நெடி மூக்கில் ஏறும். "கண் எரியலையா?" என்று கேட்டால், "அதெல்லாம் பழகிப்போச்சுங்க ஐயா" என்பார்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

வெட்டி எடுத்த பால் கட்டிப்போகாமல் இருக்க அமோனியா சேர்க்கிறோம். பிறகு அதே பாலை உறைய வைக்க போமிக் அசிட் ஊற்றுகிறோம். கேனைத் திறந்ததும் இரண்டும் ஆவியாகிக் காற்றில் கலக்கும். நமது கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாம் உள்ளே ஈரமானவை. ஆவி அந்த ஈரத்தில் கரைந்து அந்த இடத்தைப் புண்ணாக்குகிறது. இருமல், கண்ணீர், தொண்டை எரிச்சல் அதனால்தான். அசிட் ஆவி காற்றை விடக் கனமானது. தொட்டிக்கு மேலே குனிந்து கலக்கினால் முகத்தில்தான் அடிக்கும்.

அமோனியா நெடி சிறிது நேரத்தில் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். நெடி குறைந்தது என்று நினைக்க வேண்டாம், மூக்குதான் மரத்துப்போகிறது. நெஞ்சுக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கும். ஒரேயடியாக அதிகம் சுவாசித்தவருக்கு அப்போது சரியானது போலத் தெரிந்தாலும், சில மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கட்டி மூச்சுத் திணறல் வரலாம். "லயத்துக்குப் போய் படுத்தா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள்.

எங்கள் குறையையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் துணி முகமூடி கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று நாங்களும் இருந்தோம். துணி தூசியைத்தான் ஓரளவு மறிக்கும். ஆவி அதற்குள் நுழைந்துவிடும். அந்தந்த ஆவிக்கென்று செய்த வடிகட்டி பொருத்திய முகமூடிதான் உதவும். அதையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. அசிட் கலக்கும்போது கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள்.

2. தண்ணீரில்தான் அசிட்டை ஊற்ற வேண்டும். அசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

3. ஸ்டோர் கழுவும் பிளீச்சிங் பவுடரோடு அமோனியாவோ அசிட்டோ சேரவே கூடாது. சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

4. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள்.

5. ஒருவர் மயங்கினால் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். நெடி கடுமையாக இருந்தால் முகமூடி இல்லாமல் உள்ளே ஓடாதீர்கள். அவரோடு நீங்களும் விழுவீர்கள். உடனே டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் எந்த மருந்தின் ஆவி என்று சொல்லுங்கள்.

வேலைத்தலத்தில் புகையும் ஆவியும் சேராமல் பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. முகமூடி கேட்பது சண்டை பிடிப்பதல்ல. கேட்கத் தயங்கினால் எங்களிடம் சொல்லுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம். சம்பளம் அடுத்த மாதமும் வரும். கெட்டுப்போன நெஞ்சு திரும்பி வராது.