நியூகோமனின் நீராவி யந்திரம், 1712
நிலக்கரிச் சுரங்கங்களில் ஓயாது ஊறிய நீரை இறைத்து மாளாமல் முதலாளிகள் தவித்த காலத்தில், டார்ட்மவுத் நகரத்து இரும்புச் சாமான் வியாபாரியான தாமஸ் நியூகோமன், இங்கிலாந்தின் டட்லி கோட்டைக்கு அருகே ஸ்தாபித்த யந்திரத்தின் மாதிரி இது. ஆவி நிறைந்த உருளைக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சியதும் ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாக, வாயுமண்டலத்தின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளி, துலாவின் மறுமுனையில் தொங்கிய பம்புத் தண்டை மேலே தூக்கியது. ஆகவே உண்மையில் உழைத்தது காற்றே எனல் தகும். பிஸ்டனைச் சுற்றித் தோல் பொருத்தி, இடுக்கு வழியே காற்றுப் புகாதிருக்க அதன் தலைமீது சிறிது நீரும் தேக்கினார்கள். நிமிஷத்துக்கு 12 தடவை, தடவைக்குச் சுமார் 45 லிட்டர் இறைத்தது. ஒவ்வொரு தடவையும் உருளையைக் குளிர்வித்து மறுபடி சூடேற்ற நேர்ந்ததால் கரியை ஏராளமாக விழுங்கிற்று. சுரங்க வாயிலில் கரிக்கா பஞ்சம்! இவ்விரயத்தைத் தவிர்க்க, ஆவியைக் குளிர்விக்கத் தனிப் பாத்திரம் அமைக்கும் உபாயத்துக்கு ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை பெற்றார்.