வேகமெடுக்கும்போது காரில் தட்டல் ஒலி: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்வது எப்படி?

மேம்பாலத்தில் ஏறும்போதோ, முன்செல்லும் வாகனத்தைக் கடக்க ஆக்சிலேட்டரை அழுத்தும்போதோ காரிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி எழுவது பல உரிமையாளர்களுக்குப் பழக்கமான சிக்கலாகும். இதன் காரணம் சில வேளைகளில் எரிபொருளை மாற்றினாலே தீர்ந்துவிடும். வேறு சில வேளைகளில், வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் என்ஜினே பழுதாகிவிடும். எனவே உதிரிபாகங்களை மாற்றும் முன்பு, ஒலி எப்போது, எங்கிருந்து, எந்தச் சூழலில் வருகிறது என்பதை அறிவது அவசியமாகும்.

என்ஜினுக்குள் நடப்பது என்ன?

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் உண்டாக்கும் தீப்பொறியிலிருந்து தீ சீராகப் பரவி பிஸ்டனைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. தீ சென்றடையும் முன்பே சிலிண்டரில் எஞ்சியுள்ள கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாக வெடித்து எரிந்தால், அழுத்த அலைகள் உருவாகி உலோகத்தைத் தட்டுவது போன்ற கூர்மையான ஒலி எழுகிறது. இதுவே 'நாக்கிங்' எனப்படுகிறது. என்ஜின் மீது சுமை அதிகமாக இருக்கும்போது, குறிப்பாக உயர் கியரில் மெதுவாகச் சென்று திடீரென வேகமெடுக்கும்போது, இது தெளிவாகக் கேட்கும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் பிஸ்டனும் சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டும் சேதமடையக்கூடும்.

ஆக்டேன் எண்ணின் பங்கு

இவ்வாறு தானாகத் தீப்பற்றுவதை எரிபொருள் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைக் குறிப்பது ஆக்டேன் எண். முற்காலத்தில் இதனை உயர்த்த ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது; இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. பிஎஸ்-6 தரத்தில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்தபட்சம் 91 என வகுக்கப்பட்டது. இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் இது 95 ஆக உயர்ந்துள்ளதாக மத்திய பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம் தெரிவித்துள்ளது.

ஆகவே, தரமான பெட்ரோல் நிரப்பிய பிறகும் ஒலி நீடித்தால் பழுது வேறிடத்தில் உள்ளது எனக் கொள்ளலாம். 100 ஆக்டேன் கொண்ட விலை உயர்ந்த பெட்ரோல் ஒலியைக் குறைத்தாலும், உள்ளிருக்கும் பழுதை நீக்காது. டேங்கில் தண்ணீர் கலந்தால் எத்தனால் அதனுடன் சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்துவிடும். பெட்ரோல் நிரப்பிய உடனே ஒலி தொடங்கியிருந்தால் இதனையும் சந்தேகிக்க வேண்டும்.

ஒலியைப் பிரித்தறிதல்

முதலில், என்ஜின் ஆறிய பிறகு ஆயில் அளவையும் கூலன்ட் அளவையும் பார்க்க வேண்டும். பின்னர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்:

* சுமையில் மட்டும் கேட்கும் கூர்மையான, மெல்லிய உலோக ஒலி: எரிதல் தொடர்பான நாக்கிங். நிறுத்திய நிலையில் இது கேட்காமல் போகலாம்.
* என்ஜின் வேகத்துடன் கூடும் கனத்த தட்டல்: கனெக்டிங் ராடு பேரிங் தேய்மானமாக இருக்கலாம்.
* வளைவில் திரும்பி வேகமெடுக்கும்போது 'டிக் டிக்' ஒலி: முன்சக்கர சிவி ஜாயின்ட் தேய்மானம்.
* புறப்படும்போதோ கியர் மாற்றும்போதோ ஒரே ஒரு 'டம்' ஒலி: என்ஜின் மவுண்ட் சேதம்.
* குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகடு அதிரும் ஒலி: சைலன்சர் குழாயின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கலாம்.

பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் இயங்கும் கார்களில் எளிய சோதனை ஒன்று உண்டு. சிஎன்ஜியின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 120 என்பதால், பெட்ரோலில் கேட்கும் ஒலி சிஎன்ஜிக்கு மாறியதும் மறைந்தால் அது பெரும்பாலும் எரிதல் தொடர்பானது. இரண்டிலும் கேட்டால் இயந்திர பாகங்களை ஆராய வேண்டும்.

சரிசெய்யும் வரிசை

செலவு குறைந்தவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம். அடுத்த முறை வேறு பங்கில் பெட்ரோல் நிரப்பலாம். ஸ்பார்க் பிளக்குகள் கையேட்டில் கூறப்பட்ட வகையைச் சேர்ந்தவையா, தேய்ந்துள்ளனவா எனச் சோதிக்கலாம். சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்களில் நிறுவனம் பரிந்துரைத்த தர ஆயிலையே பயன்படுத்த வேண்டும்.

இதன் பிறகும் நீடித்தால், பணிமனையில் ஸ்கேனர் மூலம் பிழைக் குறியீடுகளைப் படிக்கச் செய்யலாம். நாக்கிங்கை உணர்ந்து தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்துவது நாக் சென்சாரின் பணி. அது பழுதானால் ஒலி அதிகரிக்கலாம். சரியாக இயங்கினால் ஒலி அடங்கி, இழுவிசையும் மைலேஜும் மட்டும் குறையலாம். எரி அறையில் கார்பன் படிவு, அடைபட்ட இன்ஜெக்டர், செயல்படாத ஈஜிஆர் வால்வு, என்ஜின் அதிக வெப்பமடைதல் ஆகியவை அடுத்து ஆராயப்பட வேண்டியவை.

எப்போது ஓட்டக் கூடாது?

கனத்த தட்டலுடன் ஆயில் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி என்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும். பணிமனைக்கு வண்டியை இழுத்துச் செல்வதே பாதுகாப்பானது. தேய்ந்த பேரிங்குடன் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டும் கெட்டு, செலவு பன்மடங்காகும். சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்ததைத் தொடக்கத்திலேயே கவனித்தால் உறையையும் கிரீஸையும் மாற்றினால் போதும். தாமதித்தால் ஆக்சில் முழுவதையும் மாற்ற நேரிடும்.

பணிமனையில் காரை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதைவிட, மெக்கானிக்கை உடன் அமர்த்தி ஒலி எழும் அதே வேகத்திலும் கியரிலும் ஓட்டிக் காட்டுவது பயன் தரும். தேவையற்ற உதிரிபாகச் செலவை இது பெருமளவு தவிர்க்கும்.