மூணு நிமிஷ ஆட்டம்

ஒரகடத்தில் ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிரெய்னியாக வந்த தம்பி ஒருவன் கண் சிவக்க வந்து உட்கார்ந்தான். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்குப் போனவன், விடிய விடிய நாற்பது ஆட்டம் ஆடியிருக்கிறான். எல்லாம் போனில், மூணு நிமிஷ பிளிட்ஸ் செஸ்.

"ரேட்டிங் 1400லயே நிக்குதுண்ணே. 2000 தொடணும். கை வேகம் பத்தலையோ?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். மூணு நிமிஷம் என்பது 180 விநாடி. நாற்பது நகர்த்தலுக்குப் பங்கு பிரித்தால் ஒன்றுக்கு நாலரை விநாடி. அதற்குள் யாராலும் பெரிதாக யோசிக்க முடியாது. முன்பே தெரிந்த ஒன்றை அடையாளம் காணத்தான் நேரம் இருக்கும்.

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட எத்தனையோ அதிகக் காய்களை அதனதன் கட்டத்தில் திரும்ப வைத்தார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டுக் காட்டியபோது அந்த மிடுக்கு காணாமல் போனது. இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். தேர்ந்தவருடைய ஞாபகசக்தி தனி வகை அல்ல. கோட்டை கட்டிய ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் குதிரை என்று நாம் எண்ணுவதை அவர் ஒரே கொத்தாகப் பார்க்கிறார்.

"உங்க லைன்ல பழைய ஆளு போல்ட் முடுக்கும்போது கன் மெஷினையா பார்த்துட்டு நிக்கிறாரு?"

"இல்லண்ணே, சத்தத்துலயே தெரிஞ்சிரும்."

அந்தச் சத்தம் பிடிபட அவருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்! அதனால்தான் செஸ் புதிர்களைக் கடிகாரம் இல்லாமல் போடச் சொன்னேன். குதிரை ஒரே நேரத்தில் இரண்டு காயை மிரட்டுவது, கடைசி வரிசையில் ராஜா மூச்சுமுட்டி நிற்பது, இவை நிதானத்தில்தான் கண்ணில் ஒட்டும். ஒரு நகர்த்தலுக்கு இரண்டு விநாடி கூடும் 3+2 ஆட்டம் நல்லது. ஜெயித்த ஆட்டத்தை நேரம் தீர்ந்து பறிகொடுப்பது குறையும். இன்னொன்று, எந்தத் தளத்தின் 2000 என்பதைப் பொறுத்து அந்த எண்ணின் கனம் மாறும். லீசெஸில் புதியவருக்கே கணக்கு 1500இல்தான் தொடங்குகிறது.

"அப்ப பிளிட்ஸே ஆடக் கூடாதா?"

அப்படியும் இல்லை. ஆனந்த் சிறுவனாக இருந்தபோது சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தின் தால் சதுரங்கக் கிளப்பில் பிளிட்ஸ் ஆடித்தான் வளர்ந்தார். 2017இல் ரியாத்தில் உலக ரேப்பிட் பட்டம் வென்றபோது அவருக்கு 48 வயது. குகேஷ் வந்த வழி வேறு. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைப் பல ஆண்டுகள் கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. சொந்தமாகக் கணக்கிட வைத்தார். 2022இல் இங்கிருந்து எட்டிப்போகும் தூரத்தில், மாமல்லபுரம் ஒலிம்பியாடில், முதல் எட்டு ஆட்டத்தையும் குகேஷ் தொடர்ச்சியாக ஜெயித்தார். 2024 டிசம்பரில் உலக சாம்பியன். அப்போதும் அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் நீண்ட ஆட்டத்து ரேட்டிங்கைவிட 100 புள்ளிக்கும் மேல் கீழே இருந்தது. வேகம் தனி வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தால் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது: ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்துவிட வேண்டும். மறுபடி முறை வரும்வரை என்ன செய்வது? எங்கே விட்டோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். போனில் யார் நம்மை எழுப்புகிறார்கள்? தோற்ற கையோடு விரல் அடுத்த ஆட்டத்தை அமுக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தத் தம்பியின் 1400க்குப் பாதிக் காரணம் அந்தப் பொத்தான்.

"நேத்து கடைசியாத் தோத்தத எடு, பார்ப்போம்."

எடுத்தான். பதினேழாவது நகர்த்தலில் அவனுடைய யானை காவலே இல்லாமல் நிற்கிறது. எதிராளி ஒரே விநாடியில் அடித்திருக்கிறார். யானையை அங்கே கொண்டுபோய் வைக்க இவன் எடுத்துக்கொண்டது பதினோரு விநாடி.