உலைக்கு எத்தனை ஆழாக்கு, உடலுக்கு எத்தனை கலோரி?

எங்கள் வீட்டில் அரிசி அளக்க ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. வேளைக்கு ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்பது அம்மாவின் கணக்கு. அறுப்பு நாளென்றால் வயலுக்குப் போகிறவர்களுக்காக மேலே ஒரு கை அரிசி உலையில் விழும். மழை பெய்து வேலை நின்றுபோன நாளில் அந்தக் கை அரிசி பானைக்கே திரும்பிவிடும். கலோரி என்ற சொல்லை அம்மா கேட்டதில்லை. வேலைக்குத் தக்க சோறு என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்று எனக்கு வயலும் இல்லை, அறுப்பும் இல்லை. நாற்காலியில் எட்டு மணி நேரம் போகிறது. ஆனால் ஆழாக்கு மட்டும் மாறவே இல்லை. சென்ற மாதம் அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தலைதட்டி அளந்தால் 140 கிராம் அரிசி. கிட்டத்தட்ட 490 கலோரி. மதியமும் இரவும் சோறு என்றால் சோற்றில் மட்டுமே 980. குழம்பு, பொரியல், காலை இட்லி, காபி எல்லாம் இதற்கு மேல்தான்.

எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்க ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்பவர்கள், முதலில் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வேலை மாறிவிட்டது, அளவு மாறவில்லை.

சும்மா இருந்தாலும் எரியும் அடுப்பு

ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே நாம் உணவில் சொல்லும் ஒரு கலோரி. பாக்கெட்டுகளில் அதைத்தான் கிலோ கலோரி என்று அச்சிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

படுத்தே கிடந்தாலும் உடல் செலவு செய்துகொண்டேதான் இருக்கிறது. இதயம் துடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் இயங்க வேண்டும், உடல் சூடு குறையாமல் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவை அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கிறார்கள். அதிகம் உடலுழைப்பு இல்லாதவருக்கு நாளின் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதற்கே போய்விடும். சாப்பிட்டதைச் செரிக்க ஏறக்குறைய பத்து சதவீதம். மிச்சம்தான் நம் நடை, வேலை, உடற்பயிற்சி எல்லாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அமெரிக்காவில் 1990-இல் வெளியான மிஃப்லின் சூத்திரம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும்.

என் தங்கைக்கு 42 வயது. வங்கியில் வேலை. உயரம் 156, எடை 55. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். 550-உடன் 975 கூட்டி, 210-ஐயும் 161-ஐயும் கழித்தால் 1154. இது சும்மா கிடந்தாலே ஆகும் செலவு. உட்கார்ந்த வேலைக்காரர் என்றால் இதை 1.4-ஆலும், நாள் முழுக்க நின்று நடந்து வேலை செய்பவர் என்றால் 1.8-ஆலும் பெருக்கலாம். மண் வெட்டுவது, மூட்டை தூக்குவது போன்ற கடும் உழைப்புக்கு 2.3 வரை போகும். தங்கைக்கு வந்த விடை 1616.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையோடு இதை ஒப்பிட்டோம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1660, நடுத்தர உழைப்புக்கு 2130, கடும் உழைப்புக்கு 2720. 65 கிலோ ஆணுக்கு முறையே 2110, 2710, 3470. அந்த நிறுவனத்தின் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, பிற்பாடு ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது.

ஒரே எடையுள்ள இரண்டு பெண்கள், ஒருவர் வங்கியில், ஒருவர் வயலில். இருவருக்கும் இடையே ஆயிரம் கலோரிக்கு மேல் வித்தியாசம். அம்மாவின் ஒரு கை அரிசி எவ்வளவு சரியான கணக்கு!

ஒரு எச்சரிக்கை. மிஃப்லின் சூத்திரம் அமெரிக்கர்களை அளந்து எழுதப்பட்டது. அதே எடையில் நம்மவர்களுக்குத் தசை சற்றுக் குறைவு, கொழுப்பு சற்று அதிகம். ஆகவே வரும் விடை கொஞ்சம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பாக்கெட்டில் எழுதிய தேதி

அரிசியையாவது ஆழாக்கில் அளக்கிறோம். எண்ணெயை யார் அளக்கிறார்கள்? பாக்கெட்டின் முனையை வெட்டி வாணலியில் சாய்ப்பதுதான் வழக்கம். கை நின்ற இடம்தான் அளவு.

ஒரு மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிக்கும்போது அதன் மேல் பேனாவால் தேதி எழுதிவைத்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் ஆறு நாளில் தீர்ந்தது. அப்படியானால் மாதம் ஐந்து லிட்டர். ஒரு லிட்டர் என்பது 910 கிராம், பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம் வருகிறது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்பதால், எண்ணெயில் மட்டும் 340 கலோரி. தங்கையின் 1616-இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், தட்டில் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இப்போது 15 மில்லி கரண்டி ஒன்றை எண்ணெய்த் தூக்கிலேயே போட்டு வைத்திருக்கிறோம். ஒரு கரண்டி ஏறக்குறைய 120 கலோரி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பளத்தைச் சுட்டுத் தின்னப் பழகினோம், பூரி மாதம் ஒரு முறை ஆனது. மாதம் நான்கு லிட்டரில் நிற்கிறது. ருசியில் யாரும் குறை சொல்லவில்லை.

காபியையும் விட்டுவிட வேண்டாம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு நான்கு டம்ளர் என்றால், பாலைச் சேர்க்காமலே 160 கலோரி. அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் 55 கிலோ உள்ளவர் 100 கலோரிக்குச் சற்று மேல்தான் செலவழிக்கிறார். நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் மிகவும் நல்லது, கட்டாயம் நடக்க வேண்டும். ஆனால் நடந்துவிட்டோம் என்று இரண்டு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகாது. கைக்கடிகாரம் காட்டும் கலோரியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

தராசிடம் கேளுங்கள்

சூத்திரம் எதுவானாலும் கடைசித் தீர்ப்பு உங்கள் எடை சொல்வதுதான். மூன்று வாரம் போதும். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்குமுன் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், கருவாடு சாப்பிட்ட மறுநாளும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் ஒன்றிரண்டு கிலோ கூடத் தெரியலாம். அது உடலில் தங்கிய தண்ணீர். அதனால் ஒரு நாள் எடையைப் பார்த்துக் கலங்காமல் வாரச் சராசரியைப் பாருங்கள்.

அந்த மூன்று வாரமும் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, அதையும் எழுதிவையுங்கள். சராசரி அசையவில்லை என்றால், நீங்கள் சாப்பிடும் அளவே உங்கள் தேவை. ஏறினால் நாளைக்கு 100 அல்லது 150 கலோரி குறைத்துப் பார்க்கலாம். அது கால் ஆழாக்கு அரிசி, அவ்வளவுதான். ஆண்டு முழுக்க நாளுக்கு 100 கலோரி கூடினால் காகிதக் கணக்கில் நாலரை கிலோ ஏற வேண்டும். எடை ஏற ஏற உடலின் செலவும் ஏறுவதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது. ஆனால் ஏறும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோற்றைக் குறைக்கிறேன் என்று ரசத்தையும் சோற்றையும் மட்டும் கொஞ்சமாகச் சாப்பிடும் பெரியவர்கள் பலர். அப்படிச் செய்தால் தசை கரையும், தசை கரைந்தால் அடிப்படைச் செலவும் குறையும், கால் வலுவும் போகும். சோறு குறையும் இடத்தில் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ, தயிரோ வர வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பரிந்துரை. 55 கிலோவுக்கு 46 கிராம்.

யார் தானாகக் கணக்குப் போடக் கூடாது

வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு நாளைக்கு 350 கலோரியும், பாலூட்டும் தாய்மார்களுக்கு முதல் ஆறு மாதம் 600 கலோரியும் கூடுதலாக வேண்டும். அந்தக் காலத்தில் எடையைப் பிடித்து நிறுத்த நினைக்கவே கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவளவை மாற்ற வேண்டாம்.

எதையும் குறைக்காமலே எடை இறங்கினால் நல்லதாயிற்று என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 55 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் காரணமின்றி மூன்று கிலோ இறங்கியிருந்தால், சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் என எதுவும் பின்னால் இருக்கலாம். தள்ளிப்போடாமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.