மிச்சப் பணம் தெருவுக்கு வரும் வழி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரத்தில் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளூர்ச் செய்தித்தாளின் மூலையில், பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு: செலவாகாத சி.டி.பி.ஜி. நிதியைத் தெருச் சீரமைப்புக்கு மாற்ற நகர மன்றம் உத்தேசித்துள்ளது. யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டும்.

சி.டி.பி.ஜி. என்பது சமுதாய மேம்பாட்டுக்கான மத்திய அரசு மானியம். 1974 ஆகஸ்டில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. அதுவரை சாக்கடைக்கு ஒரு மனு, பூங்காவுக்கு ஒரு மனு என்று வாஷிங்டனுக்கு அலைந்த நகரங்களுக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்பதை உள்ளூரிலேயே முடிவு செய்யச் சொன்னார்கள். இன்றைய விதிப்படி குறைந்தது 70 சதவீதப் பணம் வருமானம் குறைந்தவர்களுக்குப் பயன்பட வேண்டும்.

மிச்சம் எப்படி வருகிறது? மதிப்பீட்டைவிட டெண்டர் குறைவாக வரும். கூரை மாற்றக் கடன் தருகிறோம் என்று அறிவிப்பார்கள். படிவத்தின் தடிமனைப் பார்த்தே பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். பணம் அப்படியே நிற்கும். ஆனால் நிற்க விடமாட்டார்கள். திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, கையிருப்பு ஓர் ஆண்டு மானியத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வாங்கும் ஊருக்கு 15 லட்சம்தான் எல்லை. தாண்டினால் அடுத்த மானியத்தில் கைவைக்க மத்திய வீட்டுவசதித் துறைக்கு அதிகாரம் உண்டு.

அந்தப் பணத்தை உணவு வங்கிக்குக் கொடுக்கலாமே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் இந்த வகைச் சேவைகளுக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு. நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20. தெருவுக்கு அப்படி வரம்பில்லை. வரைபடம் ஏற்கெனவே பொறியாளர் மேசையில் இருக்கும், கோடையில் வேலை முடிந்து பில்லும் வந்துவிடும். என்னைக் கேட்டால், தெருவின் தேவையைவிடக் காலண்டரின் நெருக்கடிதான் பல இடங்களில் இந்த முடிவை எடுக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. குழியில் தார் ஊற்றி ஒட்டுப் போடுவது பராமரிப்பு. அதற்கு இந்தப் பணம் கூடாது. அதே தெருவைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போடலாம், நடைபாதை கட்டலாம், மழைநீர் வடிகால் அமைக்கலாம். அதுவும் எல்லாத் தெருவுக்கும் இல்லை. பயன்பெறும் பகுதி பெரும்பாலும் குடியிருப்பாக இருக்க வேண்டும். அங்கே வசிப்பவர்களில் பொதுவாக 51 சதவீதம் பேராவது அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாதவர்களாக இருக்க வேண்டும். உங்கள் தெரு எவ்வளவு குண்டும் குழியுமாக இருந்தாலும், பகுதி 40 சதவீதத்தில் நின்றால் அநேகமாகக் கதை முடிந்தது.

ஒரு சந்து மட்டும் திறந்திருக்கிறது. நடைபாதை முனையில் சாலை மட்டத்துக்கு இறங்கும் சாய்தளத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்வையற்றவரின் காலுக்கும் தடிக்கும் தட்டுப்படுவதற்காக அதில் மேடுமேடாகப் புள்ளிகள் வைத்த பலகை பதித்திருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான தடை நீக்கும் பணி என்ற கணக்கில், அந்த 51 சதவீதம் இல்லாத பகுதியிலும் இதைச் செய்ய வழி உண்டு.

பணத்தைப் பெரிய அளவில் மாற்றுவதென்றால் திட்டத்தையே திருத்த வேண்டும். எவ்வளவு மாறினால் பெரிய திருத்தம் என்பதை அந்தந்த நகரமே எழுதி வைத்திருக்கும். அப்படித் திருத்தும்போது மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும், ஏற்காதவற்றை ஏன் ஏற்கவில்லை என்பதையும் ஆவணத்தோடு இணைக்க வேண்டும். ஆகவே சும்மா புலம்பாதீர்கள். எந்தத் தெரு, எந்த முனை, சக்கர நாற்காலி எங்கே மாட்டிக்கொள்கிறது என்று குறிப்பிட்டு, கெடு முடிவதற்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.