காய்ச்சல் இறங்கிய காலை

குழந்தைகள் வார்டில் டெங்குவோடு படுத்திருக்கும் 9 வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். எடை 25 கிலோ. காய்ச்சல் தொடங்கி இன்று 5ஆம் நாள். நேற்று மாலை 103 டிகிரி கொதித்த உடம்பு இன்று காலை 99. “சுரம் விட்டிருச்சு சிஸ்டர், இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்களா?” என்கிறார் அம்மா. பயிற்சிக்கு வந்திருக்கும் நர்சிங் மாணவி பி.பி. பார்க்கிறாள்: 100/84. நாடி 128. சார்ட்டில் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். பின்னால் வரும் ஸ்டாஃப் நர்ஸ் சார்ட்டைப் பார்க்கிறார், பையனின் பாதத்தைத் தொடுகிறார், அங்கேயே நின்றுவிடுகிறார்.

கற்பனை கேஸ்தான். ஆனால் மழைக்காலத்தில் தமிழ்நாட்டின் எந்தக் குழந்தைகள் வார்டிலும் நடக்கக்கூடியது. மாணவி எழுதிய எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் அவள் கவனிக்கவில்லை.

காய்ச்சல் ஏறினால் நாடியும் ஏறும், இறங்கினால் இறங்கும். உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் மாறினால் நாடி சுமார் 10 துடிப்பு மாறும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 103 ஃபாரன்ஹீட்டிலிருந்து 99க்கு வருவது 2 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான இறக்கம். நேற்று மாலை 118 இருந்த நாடி இன்று 100ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். அதுவோ 128க்குப் போயிருக்கிறது. இதயத்தை இப்போது விரட்டுவது காய்ச்சல் அல்ல, வேறு ஏதோ.

பி.பி.யில் மேல் எண் 100. இந்த வயதுக்கு அது சரிதான். அதை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாகப் போய்விடுவார். நேற்று 100/64 இருந்தது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவே 36 இருந்த இடைவெளி ஓர் இரவில் 16 ஆகியிருக்கிறது. டெங்கு வந்த குழந்தைக்கு இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே போனால் ‘ஷாக்’ தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டெங்குவில் உயிரைக் குடிப்பது வெப்பம் அல்ல. காய்ச்சல் தணியும் நேரத்தில், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையே, சிலருக்கு நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகிவிடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிந்து, நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் தேங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் இந்தக் கசிவு நீடிக்கும். குழாய்க்குள் ஓடும் அளவு குறையக் குறைய, மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற உடல் மற்ற இடங்களில் கைவைக்கிறது. தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் குழாய்கள் இறுகுகின்றன. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் வரும் தண்ணீர் குறைந்தாலும் உள்ளே அழுத்தம் நிற்கும் அல்லவா, அப்படித்தான் மேல் எண் விழாமல் நிற்கிறது, கீழ் எண் ஏறுகிறது. பாதம் சில்லிடுகிறது, சிறுநீர் குறைகிறது. மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருப்பதால் பையன் தெளிவாகப் பேசுவான், செல்போனில் கார்ட்டூன்கூடக் கேட்பான். ‘நன்றாகத்தானே பேசுகிறான்’ என்று பெரியவர்களும், சில சமயம் அனுபவமில்லாத மருத்துவர்களும் ஏமாறுவது இங்கேதான். மேல் எண் சரியத் தொடங்கும்போது உடல் தன் கையிருப்பு முழுவதையும் செலவழித்திருக்கும்.

இந்தக் கணக்கு உலகுக்குக் கிடைத்ததில் பாங்காக்குக்குப் பெரிய பங்குண்டு. 1950களின் இறுதியில் அங்கே டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. குழந்தைகள் மருத்துவமனையில் சுசித்ரா நிம்மானித்யா என்ற மருத்துவர் நோயாளிகளைப் பல ஆண்டுகள் மணிக்கு மணி கவனித்துத் திரட்டிய அறிவுதான் 1975இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலுக்கு அடிப்படை. டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்றைக்கும் புழக்கத்தில் இல்லை. ஆனாலும் நேரத்தோடு கண்டுபிடித்துச் சரியாகக் கவனித்தால் இறப்பு 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. மருந்தே இல்லாத நோயில் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவருவது கவனிப்பும் அளவறிந்து ஏற்றும் டிரிப்ஸும். அந்தக் கவனிப்பில் பெரும்பகுதி நர்ஸின் கையில் இருக்கிறது.

நம் ஊர் நர்ஸிடம் திரும்புவோம். சந்தேகம் வந்தவுடன் அதையே இறுகப் பிடித்துக்கொள்வதும் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அதனால் முதலில் சாதாரணக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து விலக்குகிறார். பாராசிட்டமால் கடைசியாக எப்போது கொடுத்தது? ஒரு மணி நேரத்துக்கு முன்பென்றால் இந்த 99க்குப் பொருளே வேறு. நேற்று இரவு 10 மணிக்கு என்று சார்ட் சொல்கிறது. ஆக, சுரம் தானாகத்தான் இறங்கியிருக்கிறது. பி.பி. பட்டை குழந்தைக்கு உரியதா? கையின் அளவுக்குப் பொருந்தாத பட்டை பொய்க் கணக்குக் காட்டும். சரியான பட்டையைச் சுற்றி, தானே மறுபடி பார்க்கிறார்: 98/82. பாதம் ஃபேன் காற்றில் குளிர்ந்திருக்குமோ? போர்வைக்குள் இருந்த காலும் சில்லென்றுதான் இருக்கிறது. விரல் நுனியை அழுத்தி விடுகிறார். வெளுத்த இடத்துக்கு 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். 4 நொடி ஆகிறது.

அடுத்து அம்மாவிடம் கேள்விகள். “கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?”

“ராத்திரி போனான் சிஸ்டர். பன்னெண்டு மணி இருக்கும்.”

“வாந்தி?”

“விடிகாலைல மூணு தடவ. வயிறு வலிக்குதுன்னு சுருண்டுக்கிட்டான். சரியா சாப்பிடல இல்ல, அதான்னு நெனச்சேன்.”

இப்போது மணி ஏழு. ஏழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. விடாத வாந்தி, வயிற்று வலி இரண்டும் உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த எச்சரிக்கைக் குறிகளில் உள்ளவை. அம்மா எதையும் மறைக்கவில்லை. காய்ச்சலைப் பற்றி மட்டுமே எல்லோரும் கேட்டதால் அவரும் அதைப் பற்றி மட்டுமே சொன்னார்.

அப்புறம் மூச்சு. முழு 1 நிமிடம், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுகிறார்: 34. பல வார்டு சார்ட்டுகளில் மூச்சு எண்ணிக்கை வரிசையைப் பார்த்தால் 20, 20, 20 என்று மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணாக இறங்கும். எண்ணாமல் எழுதியது என்று யாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. 2008இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, மூச்சு எண்ணிக்கையைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்று தலைப்பிலேயே அழைத்தது. மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1990இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, அவர்களில் 84 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய 8 மணி நேரத்திலேயே நிலை மோசமானதற்கான குறிப்பு இருந்ததைக் காட்டியது. பெரும்பாலும் மூச்சிலோ நினைவுத் தெளிவிலோ வந்த மாற்றம். எழுதப்பட்டிருந்தது, படிக்கப்படவில்லை.

வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர் கூட்டம் இதற்குள் வேறொரு எண்ணைத் துரத்திக்கொண்டிருக்கும். “பிளேட்லெட் எவ்வளவு?” பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் சேர்ந்து டெங்குவை ஒற்றை எண்ணாக்கிவிட்டன. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் பிளேட்லெட் 20,000க்குக் கீழே போய், ரத்தக்கசிவு இல்லாமல் இருந்த 372 பெரியவர்களிடம் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவைத் தடுப்பதில் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. பிளாஸ்மா கசிகிறதா என்று சொல்வது ஹீமட்டோக்ரிட், வார்டு வழக்கில் பி.சி.வி. நீர் வெளியேறினால் மிச்சமுள்ள ரத்தம் கெட்டியாகும். இந்தப் பையனுக்கு நேற்று 36, இன்று 44. கசிவு நடக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சார்ட்டைப் பார்த்ததும் அந்த நர்ஸ் ஏன் நின்றார்? கேட்டால், “ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு” என்றுதான் சொல்வார். பட்டறிவுள்ள நர்ஸுகள் விதிகளை வரிசையாக ஓட்டிப் பார்ப்பதில்லை, நிலைமையை மொத்தமாகப் பார்க்கிறார்கள், காரணம் கேட்டால் திணறுகிறார்கள் என்று பாட்ரீஷியா பென்னர் 1984இல் வெளியான நூலில் எழுதினார். அதை மாய சக்தி என்று விட்டுவிடாமல் தோண்டிப் பார்த்தவர் பெத் கிராண்டல். பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவு நர்ஸுகள், தொற்று பரவும் குழந்தையைப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எப்படி இனம்காண்கிறார்கள் என்று சக ஆய்வாளருடன் சேர்ந்து நடந்த சம்பவங்களைத் துருவித் துருவிக் கேட்டார். 1993இல் வெளியான அந்த ஆய்வில், உள்ளுணர்வு என்று அவர்கள் சொன்னதற்குள் திட்டவட்டமான குறிகள் இருந்தன. அவற்றில் பல அன்றைய மருத்துவ நூல்களிலேயே இல்லை. பெரியவர்களுக்கு நேர்மாறானவையும் உண்டு: தொற்று வந்த பெரியவர் எரிச்சல்படுவார், பச்சிளங்குழந்தையோ அடங்கிப்போகும்.

அதனால் ‘பட்டுச்சு’ என்பதை நான் குறைவாக மதிக்கமாட்டேன். சிக்கல் அடுத்த கட்டத்தில், அதைப் போனில் சொல்லும்போது. “சார், பையன் கொஞ்சம் டல்லா இருக்கான், வந்து பாக்கறீங்களா?” என்றால், நான்கு வார்டுக்குச் சேர்த்து ஓடும் டியூட்டி டாக்டர் “வரேன் சிஸ்டர்” என்று வைத்துவிடக்கூடும். நம் மருத்துவமனைகளில் நர்ஸ் முடிவு சொல்லக்கூடாது, தகவல்தான் சொல்லலாம் என்றொரு எழுதாத சட்டம் உண்டு. இந்தக் கேஸில் அது ஆளைக் கொல்லும் சட்டம். நம் நர்ஸ் இப்படிச் சொல்கிறார்: “சார், டெங்கு, 5ஆம் நாள், சுரம் விட்டிருக்கு, ஆனா நாடி 128. பி.பி. 98/82, இடைவெளி 16தான். கை கால் சில்லுனு இருக்கு, ஏழு மணி நேரமா யூரின் இல்ல, பி.சி.வி. 36லருந்து 44. ஷாக்குக்குப் போறான்னு நெனக்கிறேன். உடனே வரணும் சார். டிரிப்ஸ் போட லைன் ரெடி பண்றேன்.” அரை நிமிடப் பேச்சு.

பையனுக்கு நேரத்தோடு டிரிப்ஸ் ஏறிப் பிழைத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்து பி.சி.வி. 34க்கு இறங்குகிறது. நல்லதா, கெட்டதா? எண்ணுக்குத் தெரியாது. நாடி விரைந்து, கை சில்லிட்டு, வயிறு உப்பினால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, ரத்தம் ஏற்றத் தயாராக வேண்டும். நாடி நிதானமாகி, கை சூடாகி, சிறுநீர் தாராளமாகப் போய், “இட்லி வேணும்” என்று கேட்டால், வெளியே கசிந்த பிளாஸ்மா குழாய்க்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. அப்போது டிரிப்ஸைத் தொடர்வதுதான் ஆபத்து. திரும்பி வரும் நீரும் ஏற்றும் நீரும் சேர்ந்து நுரையீரலை நனைக்கும், பிழைத்த குழந்தைக்கு மூச்சு முட்டும். “இன்னும் ஒரு பாட்டில் ஏத்துங்க சிஸ்டர், பாவம், எவ்வளவு எளச்சுட்டான்” என்று அம்மா கெஞ்சுவார். நர்ஸ் மறுபடியும் 1 நிமிடம் முழுதாக மூச்சை எண்ணிவிட்டு, டிரிப்ஸை நிறுத்தலாமா என்று கேட்க டாக்டரைக் கூப்பிடுவார்.